கழண்டு வந்த ஜிர்கோனியா கேப்: சிமெண்டு எந்தப் பக்கம் ஒட்டியிருந்துச்சு?

நான் ஒரு பல் டாக்டர். ஒட்டி அனுப்பி நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு, அந்த கேப்பை ஒரு அம்மா சுருக்குப்பையில இருந்து எடுத்து என் டேபிள் மேல வெச்சாங்க. வெத்தலை, பாக்கு, கொஞ்சம் சில்லறை, அதுக்கு நடுவுல மருந்துக் கடை கவர்ல மடிச்சு வெச்சிருந்த ஜிர்கோனியா கேப், அதாவது செதுக்கின பல்லு மேல மாட்டற கெட்டியான செராமிக் மூடி. "ஏங்கண்ணு, இது சரியா ஒட்டவே இல்லையாட்ட இருக்குது, முறுக்கு கூட கடிக்கல, இட்லி தின்னுட்டு இருந்தேன், நாக்குல கல்லு மாதிரி தட்டுப்பட்டுது"ன்னாங்க. கோபமா சொல்லல, ஆனா எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. தறி ஓட்டி சேத்து வெச்ச காசுல பண்ணின பல்லு அது.

இது நடந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப எழுதக் காரணம், செல்ஃப் அட்ஹெசிவ் ரெசின் சிமெண்டை, அதாவது தனியா பசை தடவாம தானா பல்லுல ஒட்டி பிளாஸ்டிக் மாதிரி இறுகற சிமெண்டை, நம்ம ஊரு கிளினிக்குகள்ல பாதிப் பேர் அன்னைக்கு நான் யூஸ் பண்ணின மாதிரியேதான் யூஸ் பண்றோம்னு தோணுது. எட்ச் (ஆசிட் வெச்சு பல்லை சொரசொரப்பாக்கறது) வேண்டாம், பாண்ட் (ஒட்டுத் திரவம்) வேண்டாம், பிழிஞ்சு உள்ள விட்டு அமுக்கினா போதும்னு. அந்த "போதும்"ல எத்தனை விஷயம் ஒளிஞ்சிருக்குன்னு இந்த ஒரு பல்லு எனக்கு காட்டுச்சு.

மொதல்ல கேஸ். ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரு, 52 வயசு அம்மா, சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, பிபி இல்ல, வேற மருந்து எதுவும் சாப்பிடல. இருபது வருஷமா வெத்தலை பாக்கு போடறவங்க, புகையிலை இல்லைன்னு சொன்னாங்க, வாய்க்குள்ள பார்த்தப்பவும் வெள்ளைத் திட்டோ வாய் திறக்கறதுல சிரமமோ இல்ல. கீழ் இடதுபக்கம் ரெண்டாவது கடவாப்பல்லு, நாங்க 37ன்னு சொல்றது, அதுல ஆழமான சொத்தை, நைட்ல வலி, தட்டினா வலி. ரூட் கெனால் ரெண்டு சிட்டிங்ல முடிச்சு, பல்லு நிறத்துல இருக்கற கம்போசிட் ஃபில்லிங்ல உள்கட்டை (கோர்) கட்டினேன். அதுவரைக்கும் பிரச்சனை எதுவும் இல்ல.

கேப்புக்கு பல்லை செதுக்கறப்பதான் சிக்கல் ஆரம்பிச்சுது. பாக்கு கடிச்சு கடிச்சு பல்லெல்லாம் தேஞ்சு மட்டமா இருந்துச்சு, மேல ஒரு மில்லிக்கு மேல இடம் எடுத்ததும் மிச்சம் நிக்கற உயரம் 3 மில்லிமீட்டர்தான். கடவாப்பல்லுக்கு குறைஞ்சது 4 மில்லியாவது வேணும்னு காலேஜ்ல படிச்சதுதான். அதோட பின்பக்கப் பல்லு, கருவி நுழைய இடம் கம்மி, ஹேண்ட்பீஸ் சாஞ்சு போயி சுவர் ரெண்டும் கொஞ்சம் அதிகமாவே உள்ள சரிஞ்சிடுச்சு. பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டா இருந்தா இந்தப் பல்லுல நிக்காதுன்னு எனக்கே தெரியும், ஏன்னா அது ஒட்டாது, இறுகி சந்துல கடிச்சுப் பிடிக்கும், அவ்வளவுதான், பிடிமானம் முழுக்க பல்லோட உயரத்துலயும் சுவரோட நேர்த்தியிலயும்தான் இருக்கு. அதனாலதான் ரெசின் சிமெண்டு எடுத்தேன். முடிவு சரி. செஞ்ச விதத்துலதான் தப்பு.

இந்த சிமெண்டு எப்படி ஒட்டுதுன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லைன்னா பின்னாடி வர்றது புரியாது. 1955ல மைக்கேல் போனகோர் எனாமல் (பல்லோட கெட்டியான வெளித்தோல்) மேல 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் வெச்சு சொரசொரப்பாக்கி அக்ரிலிக்கை ஒட்டிக் காட்டினாரு, நாம இன்னைக்கு பண்ற எட்சிங் அங்கதான் தொடங்குது. எனாமல் சுலபம், கிட்டத்தட்ட 96 சதவீதம் கனிமம், காய வைக்கலாம், ஆசிட் வெச்சா அழகா குழி விழும். அதுக்கு அடியில இருக்கற டென்டின் அப்படி இல்ல, அதுல கொலாஜன்ங்கற புரத நார் இருக்கு, தண்ணி இருக்கு, குழாய் குழாயா போகுது. 1982ல ஜப்பான்ல நாகபயாஷி குழு ரெசின் கொலாஜன் வலைக்குள்ள ஊறி ஒரு கலப்பு அடுக்கா இறுகுதுன்னு காட்டினாங்க, ஹைப்ரிட் லேயர்னு இப்ப நாம சொல்றது. அதே காலகட்டத்துல அதே நாட்டுல குராரே கம்பெனி எம்டிபின்னு ஒரு மாலிக்யூலைக் கொண்டுவந்தாங்க. ஒரு முனையில பாஸ்பேட், இன்னொரு முனையில மெத்தாக்ரிலேட், நடுவுல பத்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால். பாஸ்பேட் முனை பல்லுல இருக்கற கால்சியத்தைப் பிடிக்கும், மெத்தாக்ரிலேட் முனை ரெசினோட சேர்ந்து இறுகும்.

எட்ச், பிரைமர் (ஒட்டுக்கு முன்னாடி தடவற திரவம்), பாண்ட், அதுக்கப்புறம் சிமெண்டுன்னு நாலு வேலையை ஒரே பேஸ்ட்ல அடக்கி 2002ல 3எம் எஸ்பே ரிலைஎக்ஸ் யுனிசெம் கொண்டு வந்தாங்க, இந்த வகையில அதுதான் முதல். இப்ப பல கம்பெனிகள்ல வருது. உள்ள இருக்கற தத்துவம் ஏறத்தாழ ஒண்ணுதான்: எம்டிபி மாதிரி பாஸ்பேட் முனை உள்ள ஆசிட் மோனோமர் (ஒண்ணோட ஒண்ணு கோத்து ரெசினா இறுகற சின்ன மாலிக்யூல்), கூட காரத்தன்மை உள்ள கண்ணாடித் தூள். கலந்த உடனே பிஹெச் 2க்கு பக்கத்துல இருக்கும், அந்த ஆசிட்தான் பல்லை லேசா எட்ச் பண்ணி கால்சியத்தைப் பிடிக்குது. அப்புறம் கண்ணாடித் தூள் அந்த ஆசிட்டை சாந்தப்படுத்த ஆரம்பிக்கும், நேரம் ஆக ஆக பிஹெச் நடுநிலைப் பக்கம் ஏறும், முதல்ல தண்ணியோட ஒத்துப்போற பொருள் கடைசியில தண்ணியைத் தள்ற பொருளா மாறிடும். ரொம்ப புத்திசாலித்தனமான வேதியியல், எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். இந்த பேஸ்ட் கெட்டி, ஆசிட் மென்மை, வேலை செய்ய கிடைக்கற நேரமும் கொஞ்சம். அதனால டென்டினுக்குள்ள ஆழமா எல்லாம் போகாது, மேல்தோல்ல மட்டும்தான் பிடிக்கும். அந்த மேல்தோல் எப்படி இருக்குங்கறதுதான் மொத்த கதையும். மேல்தோல் அழுக்கா இருந்தா அழுக்கோடதான் அது கைகோக்கும்.

இப்ப அன்னைக்கு நான் பண்ணினதை மறைக்காம சொல்றேன். டெம்பரரி கேப்பை ஜிங்க் ஆக்சைடு யூஜினால் சிமெண்டுல ஒட்டியிருந்தேன், கிராம்பு எண்ணெய் வாசம் வருமே அதேதான். பத்து நாள் கழிச்சு வந்தாங்க, டெம்பரரியை எடுத்துட்டு ஸ்பூன்ல சுரண்டி பஞ்சுல தொடச்சேன், கண்ணுக்கு சுத்தமா இருந்துச்சு. லேப்ல இருந்து வந்த கேப்பை போட்டுப் பார்த்தேன், முன்னாடி இருக்கற பக்கத்துப் பல்லோட உரசற இடம் டைட்டு, எடுத்து தேச்சு மறுபடி போட்டேன், மூணு தடவை. ஈறு லேசா ரத்தம். கேப்புக்குள்ள எச்சிலும் ரத்தமும். அதைக் கழுவி, "சுத்தமா இருக்கட்டும்"னு 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் உள்ள தடவி ஒரு நிமிஷம் விட்டு கழுவினேன், பளபளன்னு ஆச்சு. பல்லை மூணுவழி சிரிஞ்சுல நல்லா ஊதி காய வெச்சேன். சிமெண்டு விட்டு அமுக்கி, ரெண்டு செகண்டு லைட் காட்டி, கசிஞ்சதை எடுத்து, சுத்தி லைட் காட்டி, கடிக்கச் சொல்லி ஆர்டிகுலேட்டிங் பேப்பர்ல (கடி பதியற கலர் பேப்பர்) பார்த்து அனுப்பிட்டேன். வெளிய ஆறு பேர் காத்துட்டு இருந்தாங்க, மொத்தம் இருபது நிமிஷம்தான் ஆயிருக்கும்.

கேப் கழண்டு வந்த அன்னைக்கு என் மனசுல உடனே வந்த பதில் "பல்லு குட்டை, அதான்". அவங்ககிட்டயும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, கேப்பைத் திருப்பி லூப் (பெருசாக்கிக் காட்டற கண்ணாடி) போட்டு பார்த்தேன்.

கேப்போட உள்பக்கம் முக்கால்வாசி வெறுமையா, பளிச்சுன்னு இருந்துச்சு. சிமெண்டு துணுக்கு கூட இல்ல. பல்லைப் பார்த்தா சிமெண்டு மொத்தமும் பல்லு மேல படிஞ்சு கெட்டியா நிக்குது, ப்ரோபால (கூர் முனைக் கருவி) குத்தினா கூட பேரல. பின்பக்க ஓரத்துல ஒரு சின்ன இடத்துல மட்டும் தலைகீழ்: அங்க சிமெண்டு கேப்புல ஒட்டியிருக்கு, பல்லு வெறுமையா லேசா பழுப்பேறி இருக்கு.

கேப் கழண்டா நாம கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், சிமெண்டு எந்தப் பக்கம் இருக்கு. கேப்புக்குள்ள இருந்தா பல்லு பக்கத்துல பிடிப்பு போயிருக்கு. பல்லு மேல இருந்தா கேப் பக்கம். ரெண்டு பக்கமும் பிச்சுப் பிச்சு இருந்தா சிமெண்டே நடுவுல உடைஞ்சிருக்கு, கலவை சரியில்லையா, முழுசா இறுகலையான்னு அப்ப யோசிக்கணும். கழட்டின உடனே ஸ்கேலர் எடுத்து எல்லாத்தையும் சுரண்டிட்டு மறுபடி ஒட்டற பழக்கம் நமக்கு இருக்கு, சாட்சியை நாமளே அழிச்சிடறோம். ஒரு போட்டோ எடுக்க அரை நிமிஷம் ஆகுமா?

குட்டைப் பல்லுங்கறது காரணம் இல்லைன்னு சொல்லல. உயரமா இருந்திருந்தா என் தப்பு வெளிய தெரியாமலே போயிருக்கும், வடிவமே பிடிச்சு நிறுத்தியிருக்கும். ஆனா விட்டுப் போனது எந்த இடம்னு பார்த்தா, ஜிர்கோனியாவுக்கும் சிமெண்டுக்கும் நடுவுல.

ஏன் அங்க? ஜிர்கோனியாவுல கண்ணாடி இல்ல. லித்தியம் டைசிலிகேட்ங்கற கண்ணாடி கலந்த செராமிக்குக்கு பண்ற மாதிரி ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் 20 செகண்டு வெச்சு, கண்ணாடியையும் ரெசினையும் இணைக்கற சைலேன் தடவற வேலை இங்க செல்லாது. ஜிர்கோனியாவுக்கு பிடிச்சது பாஸ்பேட். சிமெண்டுல இருக்கற எம்டிபி மாதிரி மோனோமரோட பாஸ்பேட் முனை அது மேல போயி உக்காரும், அதுதான் ஒட்டு. ஆனா ஜிர்கோனியாவுக்கு எந்த பாஸ்பேட்னு பேதம் கிடையாது. எச்சில்லயும் பாஸ்பேட் இருக்கு. டவுன் பஸ் ஸ்டாண்டுல நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாங்களே அப்படித்தான், ட்ரை பண்ணிப் பார்த்த மூணு தடவையிலயே எச்சில் பாஸ்பேட் சீட்டை பிடிச்சிடுச்சு. தண்ணியில கழுவினா அது போகாது. நான் அதுக்கு மேல போயி சுத்தம்னு நினைச்சு பாஸ்பாரிக் ஆசிட்டை வேற தடவினேன், அதுவும் பாஸ்பேட்டே, மிச்சம் இருந்த சீட்டும் போச்சு. சிமெண்டு வந்தப்ப உக்கார இடமே இல்ல. போர்சலின் கேப்புக்கு பழகின கை ஜிர்கோனியாவுக்கும் அதையே செஞ்சிடுச்சு. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்னாடியே ஆணி அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்னு பலமுறை நினைச்சிருக்கேன், அதனாலதான் இங்க இவ்வளவு நீட்டி சொல்றேன்.

பின்பக்க அந்த சின்ன இடம் வேற கதை. அங்க டென்டின் பக்கம் விட்டிருக்கு. யூஜினால் ரெசின் இறுகறதைத் தடுக்கற பொருள், ப்ரீ ராடிக்கலை அது தின்னுடும், செயின் ரியாக்‌ஷன் பாதியில நின்னுடும். பஞ்சுல தொடச்சா அது முழுசா போகாது, டென்டின்ல ஊறியிருக்கும். அதுக்கு மேல நான் பல்லை ஊதி ஊதி காய வெச்சேன், இந்த சிமெண்டோட ஆசிட் வேலை செய்யவே கொஞ்சம் தண்ணி வேணும், எலும்பு மாதிரி காஞ்ச டென்டின்ல அது மந்தமாயிடும். கூடவே அந்த ஓரத்துலதான் ஈறு ரத்தமும் கசிஞ்சுது. மூணுல எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது, மூணுமே நான் தவிர்த்திருக்கக் கூடியதுதான்.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். கேப்போட மேல்பக்கம் உள்சரிவுல ஒரு இடம் தேஞ்சு பளபளப்பு போயிருந்துச்சு. பாக்கு மெல்லும்போது தாடை பக்கவாட்டுல அரைக்கும், வெத்தலை போடறவங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தி. நான் நேரா கடிக்க வெச்சு மட்டும் பார்த்திருந்தேன், பக்கவாட்டுல அரைக்கச் சொல்லி பார்க்கவே இல்ல. ஆக ஒவ்வொரு மெல்லுக்கும் கேப்பை நாக்குப் பக்கமா நெம்பிட்டே இருந்திருக்கு.

அம்மாகிட்ட உண்மையை சொன்னேன். "பல்லு மேல தப்பு இல்லீங்கம்மா, ஒட்டறதுக்கு முன்னாடி நான் பண்ண வேண்டியதுல விட்டிருக்கேன், காசு எதுவும் வேண்டாம், மறுபடி சரியா ஒட்டித் தர்றேன், ஆனா இந்த தடவை ஒரு மணி நேரம் ஆகும்"னேன். "அதுக்கென்ன கண்ணு, உக்காந்துக்கறேன், பாக்கு போடாம இருக்கறதுதான் கஷ்டம்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு சேர்ல சாஞ்சிட்டாங்க.

எக்ஸ்ரே எடுத்தேன், வேர் நுனியில புதுப் பிரச்சனை இல்ல, முன்னாடி அங்க தெரிஞ்ச கருப்பு மூடிட்டு வந்திருந்துச்சு. கேப்போட ஓரம் இன்னும் கச்சிதமா உக்காந்துச்சு, அதனால புதுசு பண்ண வேண்டாம்னு முடிவு. ஈறை வெட்டி பல்லு உயரத்தைக் கூட்டற சர்ஜரியைப் பத்தி பேசினேன், அவங்களுக்கு விருப்பம் இல்ல, சுகரும் இருக்கு, நானும் வற்புறுத்தல.

பல்லு மேல இருந்த சிமெண்டை அல்ட்ராசோனிக் ஸ்கேலர்ல பெரும்பகுதி எடுத்துட்டு மிச்சத்தை ஃபைன் டயமண்ட்ல மெதுவா, பழுப்பேறின இடத்தை ரவுண்டு பர்ல சுத்தம் பண்ணினேன், மெத்துன்னு இல்ல, கறை மட்டும்தான். அப்புறம் ப்யூமிஸ் தூளும் தண்ணியும் குழைச்சு பிரஷ்ல தேச்சேன். பாலிஷிங் பேஸ்ட் எடுக்கல, எண்ணெயும் ஃப்ளோரைடும் உள்ளதை இங்க எடுக்கக்கூடாது. ஈறு ஓரத்துல கார்டு (ஈறை விலக்கற நூல்) வெச்சேன், ரத்தம் நிக்க மருந்து தடவினப்புறம் அதையும் நல்லா கழுவிட்டேன், அந்த மருந்தோட படலமும் ஒட்டுக்கு எதிரிதான்.

கேப்பை முதல்ல வாயில போட்டு, கடி, பக்கவாட்டு அரைப்பு எல்லாம் பார்த்து தேச்சு ரப்பர் வீல்ல பாலிஷ் பண்ணி முடிச்சேன். போட்டுப் பார்க்கறது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் உள்பக்க சுத்தம், இந்த வரிசை மாறக்கூடாது. 50 மைக்ரான் அலுமினா, 2 பார் அழுத்தம், ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெச்சு பத்து பதினஞ்சு செகண்டு சாண்ட்பிளாஸ்ட், அதாவது காத்தோட சேர்த்து தூளைப் பீச்சி அடிக்கறது. எச்சில் படிஞ்ச தோலை உரிச்சுட்டு புதுத்தோலைக் கொண்டுவர்றதுக்கு இதுதான் எனக்கு நம்பிக்கையான வழி. சாண்ட்பிளாஸ்டர் இல்லாத கிளினிக்ல இவோக்ளீன் மாதிரி பேஸ்ட் உண்டு, ஜிர்கோனியா துகள் நிறைஞ்சது, கேப்புல உக்காந்த பாஸ்பேட்டை அது தன் பக்கம் இழுத்துக்கும். அழுத்தத்தை மட்டும் ஏத்திடாதீங்க, ஜிர்கோனியாவுல நுண்ணிய விரிசல் விழும். அப்புறம் கழுவி காய வெச்சு எம்டிபி உள்ள பிரைமர் ஒரு கோட். சிமெண்டுலயே பாஸ்பேட் மோனோமர் இருக்கே எதுக்கு தனியான்னு கேப்பீங்க. குட்டைப் பல்லு, ஒரே ஒரு நிமிஷ வேலை, செஞ்சுட்டேன்.

இந்த தடவை தனி பாண்ட் போடற சிமெண்டுக்கு மாறியிருக்கலாம்தானேன்னு ஒரு சீனியர் பின்னாடி கேட்டாரு. நியாயமான கேள்வி, எச்சில் படாம பல்லைத் தனியா காய்ஞ்சு வெச்சுக்க முடிஞ்சா டென்டின்ல அதோட பிடிப்பு கூடுதல்தான். ஆனா ரெண்டாவது கடவாப்பல்லு, நாக்கு பெருசு, எச்சில் ஊறிட்டே இருக்கு, அந்த ஓரத்துல எச்சிலைத் தடுக்கற ரப்பர் விரிப்பு (ரப்பர் டேம்) நிக்கல. அங்க நாலு ஸ்டெப் போட்டு நடுவுல ஒண்ணு நனைஞ்சா மொத்தமும் போச்சு. கம்மியான ஸ்டெப்பை சுத்தமா பண்றதுதான் இந்த வாய்க்கு சரின்னு அதே செல்ஃப் அட்ஹெசிவையே எடுத்தேன், போன தடவை யூஸ் பண்ணின அதே பிராண்டு.

பல்லை ஊதல, பஞ்சு உருண்டையால ஒத்தி ஒத்தி எடுத்தேன், ஈரப் பளபளப்பு மட்டும் மிச்சம். டென்டின்ல பாஸ்பாரிக் ஆசிட் வைக்கல, வெச்சா கொலாஜன் வலை திறந்துக்கும், இந்த கெட்டி பேஸ்ட் அதுக்குள்ள ஊறாது, பிடிப்பு குறையத்தான் செய்யும். கன்னப் பக்க ஓரத்துல எனாமல் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அங்க மட்டும் நுனியால தொட்டு 15 செகண்டு எட்ச். எனாமலுக்கு இந்த சிமெண்டோட சொந்த ஆசிட் பத்தாது.

சிரிஞ்சுல முதல்ல வந்த பட்டாணி அளவை வெளிய தள்ளிட்டு, மிக்ஸ் சரியா வந்ததும் கேப்புக்குள்ள சுவரெல்லாம் படற மாதிரி விட்டேன். விரலால அமுக்கி உக்கார வெச்சு அழுத்தத்தை விடாம பிடிச்சேன், அந்த அழுத்தம் சிமெண்டை டென்டின் மேல படிய வைக்கறதுக்கே தேவை. ரெண்டு செகண்டு லைட், கசிஞ்சது ஜெல் பதத்துல உரிஞ்சு வந்துச்சு, ஃப்ளாஸ் ஒரு இழுப்பு. ஒவ்வொரு பக்கமும் 20 செகண்டு லைட். ஆனா ஜிர்கோனியா வழியா வெளிச்சம் சரியா இறங்காது, உள்ள இருக்கறது தானா இறுகணும், அதனால பஞ்சு ரோலைக் கடிக்க வெச்சு ஆறு நிமிஷம் முழுசா உக்கார வெச்சேன். போன தடவை அந்த ஆறு நிமிஷத்தையும் கொடுக்கல.

சிமெண்டு இருக்கற இடமும் முக்கியம். நம்ம ஊரு சித்திரை வெயில்ல கரண்ட் போயி ஏசி நின்னா அலமாரிக்குள்ள என்ன சூடுன்னு தெரியும்ல, பெரும்பாலான பேக்ல 25 டிகிரிக்கு மேல வேண்டாம்னுதான் போட்டிருக்கும். இப்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சு, பேஷன்ட் வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெளிய வைக்க அசிஸ்டென்ட் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். டெம்பரரிக்கு யூஜினால் இல்லாத சிமெண்டு மட்டும்தான் வாங்கறோம்.

இதே குழப்பம் ஃபில்லிங் பக்கமும் இருக்குன்னு சொல்லியே ஆகணும். வெர்ட்டைஸ் ஃப்ளோ மாதிரி தானா ஒட்டற, ஓடற பதத்துல இருக்கற செல்ஃப் அட்ஹெசிவ் ஃப்ளோ கம்போசிட், அதுல ஜிபிடிஎம்னு வேற ஒரு பாஸ்பேட் மோனோமர், முதல் அடுக்கை அரை மில்லிக்குள்ள மெல்லிசா விட்டு பிரஷ்ஷால 15, 20 செகண்டு தேய்ச்சே ஆகணும், சும்மா பிழிஞ்சு லைட் காட்டினா பிடிக்காது. செதுக்காத எனாமல்ல அது இன்னும் பலவீனம். நம்ம நாட்டுல ரொம்ப ஓடற "சென்ஷன் என்" (Cention N)ங்கற ஃபில்லிங் பொருளை எடுத்துக்குங்க, பாண்ட் இல்லாம போடலாம்னு இருக்கறதைப் பார்த்து அது தானா ஒட்டற பொருள்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பாண்ட் இல்லாம போட்டா அமால்கத்துக்கு (வெள்ளி நிற உலோக ஃபில்லிங்) செதுக்கற மாதிரி உள்ள பிடிமானம் கொடுத்து குழி எடுக்கணும். தேய்மானத்துல வந்த வழுக்கு பள்ளத்துல அதை பாண்ட் இல்லாம அப்பினா நிக்காது.

அந்த அம்மா ஆறாவது மாசம் வந்தாங்க, ஒரு வருஷத்துல வந்தாங்க, போன மாசம் பதினெட்டாவது மாசம். கேப் அசையல, ஓரத்துல ப்ரோப் எங்கயும் மாட்டல, பின்பக்கம் மட்டும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல 4 மில்லி ஆழம் இருக்கு, சுத்தம் பண்ணி விட்டேன். பாக்கு விட்டாச்சான்னு கேட்டேன். "கொறைச்சிருக்கேன் கண்ணு, ஒரேடியா விடச் சொல்லாதீங்க"ன்னாங்க. பாக்கு பல்லைத் தேய்க்கறது மட்டும் இல்லீங்கம்மா, புகையிலை இல்லாட்டியும் அதுவே வாய்ல கேன்சரை வரவைக்கும்னு மறுபடி சொன்னேன், கன்னம் நாக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. ஆடி கழிஞ்சு வரச் சொல்லியிருக்கேன், அப்ப அந்த பின்பக்க ஓரத்தை மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும், முதல் தடவை கறை விழுந்தது அங்கதான்.